காற்றோடு போகும் மேல்மண்ணைக் காப்போம்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் முன்னோர் சொல். அம்மி பறந்ததைக் கண்டவர் இல்லை. ஆனால் அம்மியைவிட மதிப்புள்ள பொருள் ஒன்று ஆண்டுதோறும் நம் காடுகளிலிருந்து பறந்துகொண்டே இருக்கிறது. அது மேல்மண். கருமத்தம்பட்டி, சோமனூர், அவினாசி, பல்லடம் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் உழுது போட்ட காட்டின் ஓரமாக நடந்து செல்வோர் கண்ணைக் கசக்கிக்கொள்வது வழக்கம். கண்ணில் விழுந்த அந்தத் தூசியே நமது நிலத்தின் வளம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மழைநீரால் ஏற்படும் மண் அரிமானத்தைப் பற்றி நாம் நன்கு அறிவோம். மழை வாரியை வெட்டிச் செல்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, வரப்புப் போடுகிறோம். காற்று அவ்வாறு வாரி எதையும் வெட்டுவதில்லை. காடு முழுவதும் சமமாகச் சீவி எடுத்துச் செல்கிறது. ஆகவே இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்கட்டுரையில் காற்று மண்ணை எவ்வாறு எடுக்கிறது, எதை எடுக்கிறது, அதைச் சிறு விவசாயி குறைந்த செலவில் எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றைக் காண்போம்.

காற்று இங்கு வலுவாக வீசுவது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் போல் நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஏறக்குறைய 30 முதல் 40 கி.மீ. அகலத்திற்கு அம்மதிலில் ஒரு வாசல் உள்ளது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாசல் வழியே நெருக்கிக்கொண்டு புகுந்து கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் பரவுகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இக்காற்றை நம்பித்தான்.

இக்காற்று கேரளத்தில் மழையைப் பொழிந்துவிட்டு நம்மிடம் வரும்போது பெரும்பாலும் வெறுங்கையுடன் வருகிறது. கோவைப் பகுதியின் ஆண்டு மழை சராசரியாக 650 முதல் 700 மி.மீ. வரை. அதில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. ஆக, காற்று மிக வலுவாக வீசும் மாதங்களில் மண் உலர்ந்து கிடக்கிறது. மேலும் ஆடிப்பட்டத்திற்காக நாம் நிலத்தை உழுது பொடியாக்கி வைத்திருப்பதும் அதே மாதங்களில்தான். வலுவான காற்று, உலர்ந்த மண், மூடாத நிலம் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் மண் பறப்பதற்கு வேறு எதுவும் தேவையில்லை.

மண் பறக்கும் விதம்

மண்துகள்கள் மூன்று வகையில் நகர்கின்றன.

முதலாவது துள்ளல். 0.1 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரை பருமனுள்ள நடுத்தர மணல், தரையிலிருந்து எழும்பித் துள்ளித் துள்ளிச் செல்லும். விழும் ஒவ்வொரு துகளும் வேறு துகள்களைத் தட்டி எழுப்பும். நகரும் மண்ணில் 50 முதல் 75 சதவிகிதம் இவ்வகையில் நகர்கிறது.

இரண்டாவது மிதத்தல். 0.1 மி.மீ.க்கும் குறைந்த வண்டலும் களியும் மேலெழுந்து, புகை போலக் காற்றில் மிதந்து பல மைல் செல்லும். இது 3 முதல் 40 சதவிகிதம் வரை இருக்கும். தோட்டத்தை விட்டு ஒரேயடியாகப் போய்விடும் பகுதி இதுவே.

மூன்றாவது உருளல். 0.5 மி.மீ.க்கு மேற்பட்ட பருமணல் எழும்ப முடியாமல் தரையோடு உருண்டு செல்லும். இது 5 முதல் 25 சதவிகிதம்.

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. ஆகும்போது, உலர்ந்த பொடிமண் நகரத் தொடங்கும். அதன் பின் வேகம் கூடக் கூட இழப்பு மளமளவென ஏறும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது மண்ணைச் சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். இதையே திருப்பிப் பார்த்தால் நமக்கு நம்பிக்கை பிறக்கும். காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் சுமக்கும் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். காற்றை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை, தணித்தால் போதும்.

இன்னும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளவும். துள்ளும் மண்ணில் பெரும் பகுதி தரையிலிருந்து ஓர் அடி உயரத்திற்குள்ளேயே செல்கிறது. ஆகவே முழங்கால் உயரத் தடுப்பும் நல்ல பலன் தரும். அடுத்து, காற்று திறந்த நிலத்தில் ஓட ஓட, நகரும் மண்ணின் அளவு கூடிக்கொண்டே போகும். ஆகவே இடையில் வேலியோ பயிர் வரிசையோ இல்லாத நீண்ட காட்டில் இழப்பு அதிகம்.

எவ்வளவு போகிறது? எது போகிறது?

ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மி.மீ. கனத்திற்கு மண் போனால் அது எவ்வளவு எனக் கணக்கிடுவோம். 1 மி.மீ. என்பது ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்திற்கும் குறைவு. ஆனால் ஏக்கர் முழுவதற்கும் அது 4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 140 கன அடி ஆகும். லாரிக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். எடையில் 5 முதல் 6 டன். யாரேனும் நம் தோட்டத்தில் ஒன்றரை யூனிட் மண்ணை அள்ளிச் சென்றால் பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவோம். காற்று அள்ளினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறோம்.

அளவைவிடத் தரம் முக்கியம். காற்று முறத்தில் புடைப்பது போல வேலை செய்கிறது. கல்லும் பருமணலும் தங்கிவிட, களியும் வண்டலும் மக்கும் பறக்கின்றன. பயிருக்கு வேண்டிய சத்துகளைப் பிடித்து வைத்திருப்பவை இந்த நுண்துகள்களே. பறந்து செல்லும் தூசியில், தங்கிவிட்ட மண்ணைக் காட்டிலும் சத்து மிகுதி. "எங்கள் காட்டில் ஆண்டுக்கு ஆண்டு கல் முளைக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கல் முளைப்பதில்லை, அதைச் சுற்றியிருந்த மண் குறைந்ததால் கல் வெளியே தெரிகிறது.

ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடும்படி பரிந்துரைக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய எருவைக் காட்டில் பரப்பி, உழவுக்கு டிராக்டர் வரும்வரை பத்து நாள் ஆடிக்காற்றில் விட்டு வைத்தால், முதலில் பறப்பது உலர்ந்து லேசான அந்த எருவே.

இளம்பயிருக்கும் கேடு உண்டு. துள்ளி வரும் மணல் பருத்தி, தக்காளி, மிளகாய் நாற்றுகளின் தண்டையும் இலையையும் உராய்ந்து காயப்படுத்தும். இலை மேல் படியும் தூசி ஒளியைத் தடுக்கும். தூசி படிந்த செடிகளில் செஞ்சிலந்திப் பேன் பெருகுவதையும் காணலாம். அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள் தூசியில் இயங்க இயலாமற் போவது இதற்கு ஒரு காரணம்.

வடதுருவத்திலும் இதே கதை

காற்று மண்ணைச் சுமக்கும் விதி எங்கும் ஒன்றே. பனி மூடிய வடதுருவப் பகுதியிலும் இது நடக்கிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அங்கு நடப்பதைப் பார்த்தால் நம் காட்டில் நடப்பது தெளிவாக விளங்கும்.

கிரீன்லாந்தின் மேற்கில் காங்கர்லூசுவாக் என்னும் இடம் உள்ளது. மழை மிகக் குறைந்த பகுதி அது. மலைபோன்ற பனிப்பாளங்கள் பாறையை அரைத்து மாவாக்க, பனி உருகிய ஆறுகள் அம்மாவைக் கொண்டுவந்து படுகையில் சேர்க்கின்றன. ஆறு வற்றியதும் காற்று அதை அள்ளிச் சுற்றுப்புறத்தில் கொட்டுகிறது. பனிப்பாளத்திலிருந்து வீசும் காற்று, எதிர்ப்படும் சரிவுகளில் குட்டையான புதர்களையும் மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது. அவ்வாறு சொட்டையான இடங்கள் நெடுங்காலம் வெறுமையாகவே கிடக்கின்றன. அதே வேளையில், தூசி வந்து படியும் மறைவான இடங்களில் மண் கனமாகி, செடி நன்கு வளர்கிறது. மேற்குக் காடு இழந்ததைக் கிழக்குக் காடு பெறுவது அங்கும் உண்டு.

பனியின் மேல் தூசி விழுந்தால் என்ன ஆகும்? புதிதாகப் பெய்த வெண்பனி, விழும் வெயிலில் 80 முதல் 90 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 100 பங்கு வெயிலில் 85 பங்கைத் திருப்பினால் 15 பங்கே தங்கும். சிறிது தூசி படிந்து, 70 பங்கை மட்டுமே திருப்பினால் 30 பங்கு தங்கும். கண்ணுக்கு லேசாகத் தெரியும் அழுக்கு, பனி ஏற்கும் வெப்பத்தை இரு மடங்காக்கிவிடுகிறது. ஆகவே பனி முன்னதாக உருகிவிடும். ஆனால் அதே மண் சில செ.மீ. கனத்திற்குப் படிந்துவிட்டால், அது போர்வையாகி உருகுதலைத் தடுக்கும். மெல்லிய தூசி ஒரு விதம். கனத்த மூடாக்கு வேறு விதம்.

அலாஸ்காவில் எண்ணெய் வயலுக்காக 1974-ஆம் ஆண்டில் ஒரு நீண்ட சரளைச் சாலை போடப்பட்டது. அச்சாலையில் லாரிகள் எழுப்பிய தூசி இருபுறமும் படிந்தது. சாலையோரத்தில் பனி முன்னதாக உருகியது. சுண்ணாம்பு கலந்த தூசியால் புளிப்பு மண்ணின் தன்மை மாறி, அங்கு நிலத்தைப் போர்த்தியிருந்த பாசி வகைகள் அழிந்தன. மேலே இருந்த பாசிப் போர்வை போனதும் அடியில் உறைந்திருந்த நிலம் இளகத் தொடங்கியது. தூசியால் முதலில் கெட்டது போர்வை. போர்வை கெட்டதால் நிலம் கெட்டது. சரளைச் சாலை ஓரத்தில் தோட்டம் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐஸ்லாந்து நாட்டில் மரங்களை வெட்டியதாலும், ஆடுகளை அளவின்றி மேய்த்ததாலும் பெரும் நிலப்பரப்பு மணற்காடாகியது. அந்நாடு 1907-லேயே சட்டம் இயற்றி, இதற்கென ஓர் அரசு அமைப்பை ஏற்படுத்தி, மேய்ச்சலைத் தடுக்க வேலியிட்டு, மணலைப் பிடிக்கும் புல் விதைத்து, நிலத்தை மீட்டு வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பணி முடியவில்லை. மண்ணை இழப்பது எளிது, மீட்பது கடினம்.

நம் நாட்டிலும் இது தொலைவில் உள்ள செய்தியன்று. கோடையில் தார்ப் பாலைவனத்திலிருந்து எழும் தூசி இமயமலைப் பனியின் மேல் படிந்து, அது முன்னதாக உருகக் காரணமாகிறது. ஜோத்பூரில் 1952-ல் தொடங்கப்பெற்று, 1959-ல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்த நிறுவனம், பாலை மணலை மரங்களாலும் புல்லாலும் நிறுத்தும் முறைகளை வகுத்துள்ளது. வடதுருவத்தைப் பற்றி ஆராய 2008-ல் நம் நாடு ஸ்வால்பார்டு தீவில் 'ஹிமாத்ரி' நிலையத்தை நிறுவியது. நமது மாநிலத்தில் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளைப் பார்த்தவர்கள், காற்று செம்மணலைக் குன்றாகக் குவிக்கும் ஆற்றலை நேரில் அறிவார்கள்.

உங்கள் காட்டைச் சோதித்துப் பாருங்கள்

கீழ்க்கண்ட சோதனைகளுக்குச் செலவு இல்லை.

1. வேலியோரம் பாருங்கள். காட்டின் கிழக்கு வேலி அடியில் மணல் மேடிட்டிருந்தால் அது உங்கள் காட்டு மண். நடுக்காட்டில் உள்ள மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தாலும் மண் குறைகிறது என்று பொருள்.

2. ஒரு முழ நீள இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து, மண்மட்டத்தில் வண்ணத்தால் கோடிட்டு வையுங்கள். ஆனி முதல் நாள் ஒரு முறையும் ஆவணி முடிவில் ஒரு முறையும் பாருங்கள். காட்டில் நான்கு இடங்களில் வைப்பது நல்லது. உழவு ஓட்டும் இடத்தில் மண்மட்டம் மாறிவிடும். ஆகவே உழாத இடத்தில் வைக்கவும்.

3. உழுத காட்டிலிருந்து உலர்ந்த மேல்மண்ணைக் கைபடாமல் தட்டையாக அள்ளி, ஏறக்குறைய 1 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். பாதிக்கு மேல் கீழே விழுந்தால் அம்மண் பறக்கத் தயாராக இருக்கிறது. மேலே தங்கும் கட்டிகளே காற்றுக்கு அசையாதவை.

கோவைப் பகுதியில் இருகூர் தொடர்ச் செம்மண், பல்லடம் தொடர்ச் செம்மண், பெரியநாயக்கன்பாளையம் தொடர்க் கரிசல் எனப் பல வகை மண் உண்டு. சுண்ணாம்பு கலந்த மண்ணின் கட்டிகள் எளிதில் உதிரும். கரிசலும் வெயிலில் காய்ந்து குருணையாகிப் பறக்கும். ஆகவே "எங்களுடையது கரிசல்; பறக்காது" என்று எண்ண வேண்டாம்.

தடுக்கும் முறைகள்

உழவு: சுழல் கலப்பையால் (ரோட்டவேட்டர்) இரண்டு, மூன்று சால் ஓட்டி மண்ணை மாவாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது காற்றுக்கு விருந்து. கோடை மழை ஈரத்தில் சட்டிக்கலப்பை அல்லது கொக்கிக்கலப்பையால் உழுது, கட்டிகளை அப்படியே விட்டு வையுங்கள். அடிமண் இறுகியிருந்தால் மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை உளிக்கலப்பை ஓட்டலாம். விதைப்புக்கு முன்னர் மட்டும், ஈரம் கிடைத்த பின், விதைப்படுக்கையைச் சரி செய்தால் போதும். காற்று இங்கு மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவதால், சால்கள் தெற்கு வடக்காக அமைவது நல்லது. எனினும் நிலம் வேறு திசையில் சரிந்திருந்தால், சரிவுக்குக் குறுக்கே உழுவதே முதன்மையானது. காற்றுக்குப் பயந்து மழைக்கு வழிவிடக் கூடாது.

தாள்: சோளம், மக்காச்சோளம் அறுக்கும்போது முக்கால் அடி முதல் ஓர் அடி உயரத்திற்குத் தாளை நிறுத்தி அறுங்கள். "மாட்டுக்குத் தட்டுக் குறையுமே" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மாடு ஒதுக்குவதும் பெரும்பாலும் அந்த அடித்தட்டைத்தான். கட்டையைப் பிடுங்கி எரிப்பதை அறவே விட வேண்டும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தாளாலும் சருகாலும் மூடியிருந்தாலே மண் இழப்பு பாதிக்கு மேல் குறையும். அறுவடை செய்த காட்டில் ஆடு மேய விடுவதையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரப்பயிர்: பருத்தி, வெங்காயம், காய்கறிக்கு மேற்கு ஓரத்தில் மூன்று, நான்கு வரிசை சோளமோ கம்போ மக்காச்சோளமோ, முதன்மைப் பயிருக்கு மூன்று வாரம் முன்னதாக விதையுங்கள். நீண்ட காடாக இருந்தால் இடையிலும் இத்தகைய வரிசை தேவை. வாழைக்கும் வெற்றிலைக்கும் அகத்தி போடும் பழைய வழக்கம் இதைச் சேர்ந்ததே.

எரு, வண்டல்: எருவைப் பரப்பிய அன்றே உழுது கலந்துவிடுங்கள். ஏரி, குளத்து வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்து இட்டால், அதிலுள்ள களி செம்மண்ணைக் கட்டியாக்கும். சாயக்கழிவு கலந்த நீர் நின்ற குளமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், வண்டலை மண் ஆய்வுக் கூடத்தில் காட்டி, உப்பின் அளவை அறிந்த பின்னரே இட வேண்டும்.

அவசர உழவு: காற்று நாளில் மண் பறக்கத் தொடங்கிவிட்டது, அடியில் சிறிது ஈரம் இருக்கிறது என்றால், மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கி, சில அடி இடைவெளி விட்டு, காற்றுக்குக் குறுக்கே ஆழமாகச் சால் ஓட்டுங்கள். மேலே வரும் கட்டிகள் தற்காலிகமாகக் காக்கும். வெறும் மணற்காட்டில் இது பயன்படாது.

வேலியும் மரமும்

நம் முன்னோர் ஒவ்வொரு காட்டையும் கிளுவை வேலியால் அடைத்தனர். இரு பக்கமும் வேலியுள்ள இட்டேரிகள் ஊரை ஊரோடு இணைத்தன. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப்புல் ஆகிய மூன்றும் சேர்ந்து, மழை குறைந்த சரளை நிலத்தையும் ஆண்டு முழுவதும் மூடி வைத்திருப்பதை இன்றும் காணலாம். வேலி ஆட்டைத் தடுக்க மட்டும் என்று நாம் நினைத்துவிட்டோம். ஆகவே கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியதும் கிளுவையை வெட்டி எறிகிறோம். கம்பி ஆட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

காற்றுத் தடுப்பு மரவரிசை, தன் உயரத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு தூரம் வரை பின்னால் உள்ள நிலத்தைக் காக்கும். 8 மீட்டர் உயர மரவரிசை 80 முதல் 120 மீட்டர் வரை காக்கும். சதுரமான 3 ஏக்கர் காட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 110 மீட்டர். அதாவது மேற்கு ஓரத்தில் ஒரே வரிசை நன்கு அமைந்தால், அக்காட்டின் பெரும் பகுதிக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

மதில் போல் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் காற்று மேலேறிக் குதித்து, பின்னால் சுழலும். பாதி காற்று ஊடுருவிச் செல்லும்படி இருப்பதே சிறந்தது. இடையில் ஓட்டை விழவும் கூடாது. ஓட்டை வழியே காற்று சீறிப் பாயும். கிளுவை, கிளைரிசிடியா, அகத்தி போன்றவை கீழே அடர்த்தியாகவும், வேம்பு, சவுக்கு, மலைவேம்பு போன்றவை மேலே உயர்ந்தும் இருக்குமாறு இரண்டையும் சேர்த்து நடலாம். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரவளர்ப்பு நிறுவனம், காற்றுத் தடுப்புக்கெனவே சவுக்கில் குளோன் வகைகளை வெளியிட்டுள்ளது. நீர் வசதி உள்ளோர் இவற்றைப் பயன்படுத்தலாம்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மரத்தின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு அகலத்திற்கு அருகிலுள்ள பயிர் நிழலாலும் வேராலும் குன்றும். மேற்சொன்ன 3 ஏக்கரில் 8 மீட்டர் அகலம் என்றால் ஏறக்குறைய 22 சென்ட். அந்த 22 சென்ட் வீணாவதில்லை, விளைச்சல் குறையும். அங்கு கொழுக்கட்டைப்புல்லோ தீவனச் சோளமோ போடலாம். மரவரிசைக்கும் பயிருக்கும் இடையில் இரண்டடி ஆழத்திற்குக் குழி எடுத்து, பக்கவேர்களை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வெட்டிவிடலாம். மர நிழல் பக்கத்துத் தோட்டத்தில் விழுமானால், பங்காளியோடும் அண்டைத் தோட்டக்காரரோடும் பேசி முடிவு செய்த பின் நடுங்கள். இருவரும் சேர்ந்து பொது வரப்பில் ஒரே வரிசை நட்டால், இருவருக்கும் நிலம் மிச்சம்.

ஒன்று, ஒன்றரை ஏக்கர் உள்ளவர்கள் உயர்ந்த மரத்திற்கு இடம் இல்லை என்று வருந்த வேண்டாம். ஆளுயரக் கிளுவை வேலி 15 முதல் 25 மீட்டர் வரை காக்கும். அதனுடன் ஓரப்பயிரும் தாளும் சேர்ந்தால் போதுமானது.

மாதவாரி வேலைகள்

சித்திரை, வைகாசி: கோடை மழை ஈரத்தில் உழவு, கட்டிகளை உடைக்க வேண்டாம். கம்பி நட்டுக் கோடிடுதல்.

ஆனி: மேற்கு ஓரத்தில் சோளம், கம்பு ஓரப்பயிர். வேலியில் உள்ள ஓட்டைகளைச் சருகு, முள் கொண்டு அடைத்தல்.

ஆடி, ஆவணி: ஈரம் பார்த்து விதைப்பு. வெறும் உழவு தவிர்த்தல். எருவைப் பரப்பிய அன்றே கலத்தல். கம்பியைப் பார்த்து இழப்பைக் குறித்தல்.

புரட்டாசி, ஐப்பசி: மரக்கன்று நடுதல். இப்போது நட்டால் அடுத்த ஆனிக் காற்றுக்கு முன் எட்டு மாதம் வேர்பிடிக்கக் கிடைக்கும்.

தை, மாசி: அறுவடையில் தாள் நிறுத்துதல்.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது. செலவே இல்லாதவை இரண்டு: தாளை நிறுத்தி அறுப்பதும், இருக்கும் கிளுவையை வெட்டாமல் விடுவதும். இந்த ஆண்டு அவ்விரண்டையும் செய்யுங்கள். ஆனியில் அடித்த கம்பியை ஆவணி முடிவில் பார்த்து, மண்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லும். மேலும் விவரம் தேவைப்படுவோர், அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அந்த நோட்டுடன் அணுகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.